களப்பில் பழகாதவன் கடலுக்குப் போவதில்லை: கலாநிதி காட்டகேயும் ஒரு பயிற்சி விமானமும்

கற்பிட்டிக் குடாநாட்டின் குறிஞ்சிப்பிட்டிப் பகுதியில் வாழ்வோர் இரண்டு நீர்ப்பரப்புகளின் நடுவே வாழ்பவர்கள். ஒருபுறம் இந்து சமுத்திரம். மறுபுறம் புத்தளம் களப்பு. மீனவக் குடும்பத்துச் சிறுவனை எடுத்த எடுப்பிலேயே எவரும் ஆழ்கடலுக்கு அனுப்புவதில்லை. முதலில் களப்பில் சிறு தோணியொன்றில் அவன் பழகுகின்றான். துடுப்பைத் தவறாகப் போட்டால் தோணி ஆடும். மேலும் தவறினால் கவிழும். அவன் நனைந்து, வெட்கப்பட்டு, மறுநாளும் தோணியேறுவான். கடலில் அதே தவறைச் செய்தால் மறுநாள் என்பது இல்லாமற் போகலாம். களப்பு அவனை மன்னிக்கின்றது. ஆனால் அவன் செய்த தவறை அவனிடமிருந்து மறைப்பதில்லை. பழகுவதற்கான இடமொன்றுக்கு இருக்க வேண்டிய இலட்சணம் இதுவேயாகும்.

வானத்துக்கும் இத்தகைய களப்பு ஒன்று தேவை என்பதை நன்குணர்ந்து, தனது நாட்டு இளைஞர்களுக்காக அதனை அமைத்துக் கொடுத்த ஒருவரைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம். அவர் கலாநிதி விஷ்ணு மாதவ் காட்டகே. இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்டுத் தொடர் உற்பத்திக்குச் சென்ற முதல் விமானமான எச்.ரி.-2 என்னும் இலகுரகப் பயிற்சி விமானம் அவரது தலைமையில் இயங்கிய குழுவினரால் உருவாக்கப்பட்டதாகும். இந்திய விமானவியல் வட்டாரங்களில் பெரிதும் மதிக்கப்படும் இப்பெயர், எமது தமிழ் வாசகர்களிடையே பரவலாக அறியப்படவில்லை. போர் விமானங்களையும் ஏவுகணைகளையும் செய்தோரின் பெயர்கள் நினைவில் நிற்கின்றன. முதற்பாடத்துக்கான கருவியைச் செய்தவரின் பெயர் அவ்வாறு நிற்பதில்லை. ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களுக்கு நேரும் கதியும் இதுதான் அல்லவா?

காட்டகே 1908ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆம் திகதி, இன்றைய மகாராஷ்டிர மாநிலத்தின் கோலாப்பூர்ப் பகுதியிலுள்ள சிறு கிராமமொன்றில் பிறந்தார். அக்காலத்தில் அக்கிராமத்துச் சிறுவர்கள் விமானத்தைக் கண்ணாற் கண்டிருக்கவும் வாய்ப்பில்லை. ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து ஐந்து ஆண்டுகளே கடந்திருந்தன. பம்பாய் மாகாணத்திலேயே பட்டக் கல்வியை முடித்த அவர், மேற்படிப்புக்காக ஜேர்மனியின் கொட்டிங்கன் நகருக்குச் சென்றார். பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடொன்றின் மாணவர்கள் இலண்டனையும் கேம்பிரிட்ஜையும் நாடிச் சென்ற காலத்தில், அவர் கொட்டிங்கனைத் தெரிவு செய்தமைக்குத் தகுந்த காரணம் இருந்தது. அங்குதான் லுட்விக் பிராண்டில் இருந்தார்.

பிராண்டில் யார் என்பதைக் கற்பிட்டிக் கரையில் வாழ்வோர்க்கு விளக்குவது கடினமன்று. சோளகமும் வாடையும் கச்சானும் கொண்டலும் எப்போது எப்படி வீசும் என்று அறிந்த மக்கள் இவர்கள். பாய்மரத்தைச் சற்றே திருப்பினால் வள்ளம் விரைவதும், அளவுக்கு மிஞ்சித் திருப்பினால் பாய் படபடத்து வேகம் அறுந்து போவதும் இவர்களுக்குத் தெரியும். அந்தப் படபடப்பு ஏன் நிகழ்கின்றது என்பதைக் கணிதத்தின் துணையோடு விளக்கியவர்களில் முதன்மையானவர் பிராண்டில். ஒரு பொருளின் மேற்பரப்பை உரசிச் செல்லும் காற்றில், அப்பரப்பை ஒட்டியுள்ள மெல்லிய படலமொன்று மாத்திரம் வேகம் குன்றித் தவழ்கின்றது என்பதையும், அப்படலம் பரப்பை விட்டுப் பிரியும்போதே தொல்லை ஆரம்பமாகின்றது என்பதையும் 1904ஆம் ஆண்டு ஹைடல்பர்க்கில் நடைபெற்ற கணித அறிஞர் மாநாட்டில் அவர் எடுத்துரைத்தார். இறக்கையொன்று விமானத்தை எவ்வாறு தாங்குகின்றது என்பதைக் கணிப்பதற்கான கோட்பாட்டையும் பின்னர் அவர் வகுத்தார். இன்று மாம்புரிக் கரையில் சுழலும் காற்றாலைகளின் இதழ்கள்கூட அந்த அறிவின் வழிவந்தவையே.

அத்தகைய ஆசானிடம் 1930களில் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றார் காட்டகே. கொட்டிங்கனுக்கு அது நல்ல காலமன்று. 1933இல் நாஜிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும், மக்ஸ் போர்ன், எம்மி நோய்தர், ரிச்சர்ட் கூரன்ட் முதலிய பேரறிஞர்கள் யூதர்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பதவிகளிலிருந்து அகற்றப்பட்டனர். நூற்றாண்டு காலமாகக் கட்டியெழுப்பப்பட்ட கணிதக் கோட்டை ஒன்று சில மாதங்களில் வெறுமையாகியது. அறிவு மன்றம் ஒன்றை எழுப்ப நெடுங்காலம் வேண்டும். சிதைப்பதற்குச் சில மாதங்கள் போதும். இடம்பெயர்க்கப்பட்ட மக்களின் நடுவே வாழும் எமக்கு இதனை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

காட்டகே தாயகம் திரும்பியபோது அவர் கற்ற கல்விக்கேற்ற தொழில் நாட்டில் இருக்கவில்லை. விமானத் தொழிற்சாலை என்று எதுவுமே இல்லாத நாட்டில் விமானவியல் கலாநிதி ஒருவர் என்ன செய்வது? அதற்கான வழி 1940ஆம் ஆண்டு டிசெம்பரில் பிறந்தது. கைத்தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் அரசின் பங்களிப்போடு பெங்களூரில் ஹிந்துஸ்தான் எயார்கிராஃப்ட் நிறுவனத்தை நிறுவினார். அப்போது மைசூரின் திவானாக இருந்தவர் சேர் மிர்ஸா இஸ்மாயில். இந்து மன்னரின் ஆட்சியில், முஸ்லிம் திவான் ஒருவரின் தொலைநோக்கினால், குஜராத்திச் சமண வணிகர் ஒருவரின் முதலீட்டில் எழுந்த தொழிற்சாலை அது. தொழில்நுட்ப உதவி அமெரிக்கரிடமிருந்து வந்தது. இந்தியாவின் விமானத் தொழில் பெங்களூரில் வேரூன்றியதற்கு மிர்ஸா இஸ்மாயில் காட்டிய ஊக்கம் பிரதான காரணங்களில் ஒன்று என்பதை இன்று பலரும் மறந்துவிட்டனர்.

அத்தொழிற்சாலையிலிருந்து 1941 ஒகஸ்டில் முதன்முதலாகப் பறந்தது ஒரு பயிற்சி விமானமே என்பது கவனிக்கத்தக்கது. ஹார்லோ பி.சி.-5 என்ற அந்த விமானம் அமெரிக்க வடிவமைப்பு, பெங்களூரில் பொருத்தப்பட்டது. யுத்தம் உக்கிரமடைந்ததும் அரசாங்கம் தொழிற்சாலையின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. நேசநாடுகளின் விமானங்களைப் பழுதுபார்க்கும் பெரும் பட்டறையாக அது மாறியது. சொந்த வடிவமைப்புக்கு அங்கு அவகாசமில்லை. எனினும், ஆரம்ப காலத்திலேயே அந்நிறுவனத்தில் இணைந்துகொண்ட காட்டகே, போர்வீரரை ஏற்றிச் செல்லக்கூடிய ஜி-1 என்னும் இயந்திரமற்ற கிளைடர் ஒன்றை வடிவமைத்தார். அது தொடர் உற்பத்திக்குச் செல்லவில்லை. ஆனால், வரைபடத்திலிருந்து வானம் வரை ஒரு பொருளைக் கொண்டுசெல்ல இந்தியரால் இயலும் என்பதை அது காட்டிற்று.

அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு பணி, எமது கருத்தில், எந்த விமானத்திலும் பார்க்கப் பெறுமதியானது. 1942 டிசெம்பரில் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான நிறுவகத்தில் விமானவியல் துறை ஆரம்பிக்கப்பட்டபோது அதன் முதற் தலைவராக அவர் பொறுப்பேற்றார். தனியொருவர் விமானம் செய்ய முடியாது. ஒரு தலைமுறையே வேண்டும் என்பதை அவர் விளங்கிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் இந்திய விண்வெளித் திட்டத்தை வழிநடத்திய சதீஷ் தவான் 1951இல் இணைந்து, பின்னர் தலைமை தாங்கியதும் அதே துறைதான். இராமேஸ்வரத்தின் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அந்தத் தவானின் கீழேயே இஸ்ரோவில் பணியாற்றினார். கொட்டிங்கனில் ஏற்றப்பட்ட விளக்கிலிருந்து மன்னார் வளைகுடாவின் மறுகரை வரை எத்தனை கைகள் மாறி வெளிச்சம் வந்திருக்கின்றது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இவ்விடத்தில் எமது புத்தளத்தையும் சற்று நோக்குதல் தகும். அதே யுத்தத்தின்போது புத்தளத்தில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளம் ஒன்று இயங்கியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ராஜாலிய. கோர்செயார் என்னும் பெரும் போர் விமானங்கள் அங்கு இறங்கின. சேற்றில் புதைந்த விமானங்களை யானைகள் கட்டியிழுக்கும் புகைப்படம் இன்றும் உலகெங்கும் காட்டப்படுகின்றது. யுத்தம் முடிந்தது, விமானங்கள் போயின. ஓடுபாதையும் ஒரு புகைப்படமும் எஞ்சின. பெங்களூரிலும் அந்நிய விமானங்களே வந்து குவிந்தன. ஆனால் அங்கே ஒரு கலாநிதியும், ஒரு பல்கலைத் துறையும், அவற்றைக் கழற்றிப் பூட்டிக் கற்ற தொழிலாளர்களும் எஞ்சினர். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான வித்தியாசம் அதில்தான் இருக்கின்றது.

சுதந்திரம் கிடைத்தபோது இந்திய விமானப்படையின் புதிய மாணவர்கள் டைகர் மொத் விமானங்களிலேயே பழகினர். 1931இல் இங்கிலாந்தில் பிறந்த அந்த இரட்டைத்தட்டு விமானம் அக்கால உலகின் பொதுப் பள்ளிக்கூடம். இரத்மலானையின் வரலாறும் அக்குடும்பத்தோடு தொடர்புடையதே. 1935 நவம்பர் 27ஆம் திகதி அங்கு முதன்முதலாகத் தரையிறங்கிய விமானம், சென்னை விமானக் கழகத்தின் பயிற்றுநர் டின்டல் பிஸ்கோ ஓட்டிவந்த பஸ் மொத். துணி போர்த்திய இத்தகைய விமானங்கள் மலிவானவை, எளியவை. ஆனால் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றவை அல்ல. மரத்தாலான மொஸ்கிட்டோ போர் விமானங்கள் 1944இல் இந்தியா, பர்மாக் களங்களில் ஒட்டுவிட்டுப் போன அனுபவமும் அப்போது பழையதாகியிருக்கவில்லை. எனவே, முழுவதும் உலோகத்தாலான, தமது காலநிலைக்கேற்ற பயிற்சி விமானமொன்றைத் தாமே செய்வதென முடிவு செய்யப்பட்டு, 1948இல் காட்டகேயின் தலைமையில் வேலைகள் ஆரம்பமாகின.

பயிற்சி விமானம் என்றவுடன், அது பெரிய விமானத்தின் சிறிய பிரதி என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. போர் விமானத்தை ஓட்டுபவர் தேர்ந்தவர். அவருக்காக இயந்திரத்தை அமைப்பவர் வேகத்தையும் வலுவையும் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும். பயிற்சி விமானத்தை ஓட்டுபவர் நேற்றுவரை சைக்கிளோ மோட்டார் வண்டியோ ஓட்டியவர். அவர் தவறு செய்தே தீருவார். தவறு செய்வதற்காகவே அவர் அதில் ஏற்றப்படுகின்றார். ஆகவே வடிவமைப்பாளர், இன்னும் நிகழாத தவறுகளையெல்லாம் முன்கூட்டியே கற்பனை செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்சி வழியை உலோகத்திலும் கணிதத்திலும் பொதித்து வைக்க வேண்டும். மாணவர் தடாரெனத் தரையில் மோதி இறக்கினாலும் சக்கரக் கால்கள் முறியக் கூடாது. பயிற்றுநரிடமும் அதே கட்டுப்பாட்டுக் கருவிகள் இருக்க வேண்டும். பழுதுகள் சாதாரண பட்டறையில் திருத்தக்கூடியவையாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை ஒன்றுண்டு. விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினால், இறக்கையின் மேலே காற்று ஒட்டாமற் பிரிந்துவிடும். பாய்மரம் படபடத்து வேகம் அறுவதைப் போன்றதே இது. தாங்கும் விசை இழந்து விமானம் கீழே சரியும். ஓர் இறக்கை மற்றையதிலும் பார்க்க முந்திச் சரிந்தால், விமானம் பம்பரமாகச் சுழன்றபடி விழத் தொடங்கும். புதிய விமானிகளைக் கொன்றவற்றில் இந்தச் சுழல்வீழ்ச்சி முக்கியமானது. அப்படியாயின் சுழலவே முடியாத விமானமொன்றைச் செய்துவிடலாமே என்று தோன்றும். அதில் பயின்றவர் பின்னர் வேகமான விமானத்தில் ஏறி முதன்முறையாகச் சுழன்று விழும்போது என்ன செய்வார்? ஆகையால் நல்ல பயிற்சி விமானம் விழுவதற்கு முன் நடுங்கி எச்சரிக்க வேண்டும். கேட்டால் சுழல வேண்டும். சரியான முறையில் கேட்டால் மீள வேண்டும். எதிர்ப்பக்கச் சுக்கானை மிதித்து, கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளி மீளும் அந்தப் பாடம், மாணவரின் உடம்பில் பதியும் வரை திரும்பத் திரும்ப நடத்தப்பட வேண்டும்.

வாலும் சுக்கானும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை முஸ்லிம் உலகின் பழைய வரலாறு ஒன்றும் நினைவூட்டுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கோர்தோவாவில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ், இறகுகளால் இறக்கை அமைத்துக் காற்றில் மிதந்து சென்றதாகவும், இறங்கும்போது காயமுற்றதாகவும், பறவை வாலை ஊன்றி இறங்குவதை அவர் கவனிக்கத் தவறிவிட்டதாகவும் பிற்கால வரலாற்றாசிரியர் அல்-மக்கரி எழுதியுள்ளார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட செய்தி இது என்பதை மனதில் கொள்ள வேண்டும். எனினும் அதிலுள்ள படிப்பினை பழுதற்றது. எழும்புவதற்கு துணிவு போதும். இறங்குவதற்கு அறிவு வேண்டும். ஆலாப் பறவை தண்ணீரைத் தொடும் கணத்தில் வாலை விரிப்பதைக் கரையோரத்துச் சிறுவர்கள் அனைவரும் கண்டிருக்கின்றனர்.

1951ஆம் ஆண்டு ஒகஸ்டில் எச்.ரி.-2 முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் ஜம்ஷெட் கைகோபாத் முன்ஷி. ஆசிரியரும் மாணவரும் ஒருவர் பின் ஒருவராக அமரும் இரண்டு ஆசனங்கள், தாழ்வாகப் பொருத்தப்பட்ட ஒற்றைத்தட்டு இறக்கை, மடக்க முடியாத சக்கரக் கால்கள், வாலடியில் சிறு சக்கரம், ஏறத்தாழ ஒரு தொன் நிறை. இவையே அதன் அங்கலட்சணங்கள். முதல் மாதிரியில் ஜிப்சி மேஜர் இயந்திரமும், 1952 பெப்ரவரியில் பறந்த இரண்டாவது மாதிரியில் 155 குதிரைவலு கொண்ட சிரஸ் மேஜர் இயந்திரமும் பொருத்தப்பட்டிருந்தன. வெளிப்பார்வைக்கு வியக்கத்தக்க எதுவும் அதில் இல்லை. வியக்க வைப்பது அதன் நோக்கமும் அன்று.

அதே 1951இல்தான் ரோயல் சிலோன் விமானப்படையும் பிறந்தது. மார்ச் 2ஆம் திகதி உருவான அப்படை, முதற் பயிற்சிக்கெனத் தெரிவு செய்தது டி ஹவிலண்ட் நிறுவனத்தின் சிப்மங்க் விமானத்தையாகும். கனடாவில் போலந்து நாட்டுப் பொறியியலாளர் ஒருவரின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட சிப்மங்க் சிறந்த பயிற்சி விமானம் என்பதில் ஐயமில்லை. சிறிய நாடொன்று வாங்கிப் பயன்படுத்தியது தவறு என்றும் நாம் கூறவில்லை. ஆயினும், பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் ஒரே ஆண்டில் இரண்டு பாதைகள் தொடங்கின. ஒருவர் செய்யக் கற்றனர். மற்றவர் ஓட்டக் கற்றனர். எழுபது ஆண்டுகளின் பின்னர் அவ்வித்தியாசம் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கின்றது என்பதை வாசகர்களின் சிந்தனைக்கே விடுகின்றோம்.

எச்.ரி.-2 குறைகளற்றதாக இருக்கவில்லை. 1950களின் நடுப்பகுதியில் இந்திய விமானப்படையில் டைகர் மொத்தின் இடத்தை அது பெற்ற பின்னர், சுழல்வீழ்ச்சியின்போது அதன் போக்கு கடுமையானது என்ற முறைப்பாடு விமானிகளிடையே எழுந்தது. வாற்சக்கர விமானமாதலால் தரையில் ஓடும்போதும் கவனம் சிதறினால் திசைமாறித் திரும்பிவிடும். இயந்திரமோ வெளிநாட்டினது. இவை மறைக்கத்தக்கவை அல்ல. ஆயினும், 150க்கு மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டு, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அவை சேவையில் இருந்தன. இந்தியாவின் பல தலைமுறை விமானிகள் முதன்முதலாகத் தனித்துப் பறந்தது அதில்தான். பிற்காலத்தில் பெரும் பதவிகளை வகித்த விமானப்படைத் தளபதிகளும் அந்த மாணவர்களில் அடங்குவர்.

அது கடல் கடந்தும் சென்றது. 1957இல் சுதந்திரமடைந்த கானா, 1959இல் தனது விமானப்படையை அமைத்தபோது இந்தியப் பயிற்றுநர்களின் உதவியை நாடியது. பன்னிரண்டு எச்.ரி.-2 விமானங்கள் அங்கு அனுப்பப்பட்டன. நேற்றுவரை அடிமைப்பட்டிருந்த ஆசிய நாடொன்று, நேற்று விடுதலை பெற்ற ஆபிரிக்க நாடொன்றின் இளைஞர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தது. மேற்குலகிலிருந்தே அறிவு வர முடியும் என்ற எண்ணம் ஆழப் பதிந்திருந்த காலத்தில் இது சிறிய செய்தியன்று.

காட்டகேயின் பணி அதனோடு நின்றுவிடவில்லை. விமானக் கழகங்களில் பொதுமக்கள் பயில்வதற்கான புஷ்பக் 1958இல் பறந்தது. அதனைத் தொடர்ந்து கிருஷக் வந்தது. ஜேர்மானியரான குர்ட் டாங்க் வடிவமைத்த மாருத் போர் விமானத்தின் உருவாக்கத்திலும் காட்டகே வளர்த்தெடுத்த குழுவினரே தோள் கொடுத்தனர். அந்த டாங்க் சென்னை தொழில்நுட்பக் கல்லூரியில் அப்துல் கலாமுக்கு விரிவுரையாற்றியவர் என்பதும், கலாம் பெங்களூர்த் தொழிற்சாலையிலேயே பயிலுநராக இருந்தவர் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கன. ஜெட் பயிற்சி விமானமான கிரண் 1964 செப்டெம்பரில் பறந்தது. 1965இல் இந்திய அரசு காட்டகேக்குப் பத்மஸ்ரீ விருதளித்துக் கௌரவித்தது. 1991 டிசெம்பர் 6ஆம் திகதி, தனது 83ஆவது வயதில் அவர் காலமானார். பெங்களூரில் அந்நிறுவனத்தின் மாநாட்டு மண்டபம் ஒன்று இன்று அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவருக்குப் பின் நடந்தவை அவரது அருமையைப் புலப்படுத்துகின்றன. எச்.ரி.-2க்குப் பதிலாக எச்.பி.ரி.-32 என்ற பயிற்சி விமானம் கொண்டுவரப்பட்டது. அதன் இயந்திரம் பறக்கும்போதே நின்றுபோகும் கோளாறு தீராது தொடர்ந்தது. பல விமானிகள் உயிரிழந்தனர். 2009 ஜூலையில் நடந்த விபத்தொன்றுடன் அவ்விமானங்கள் முற்றாக நிறுத்தப்பட்டன. ஏவுகணைகளும் செயற்கைக் கோள்களும் செய்த நாட்டின் மாணவ விமானிகளுக்கு முதற்பாடம் நடத்த விமானமில்லை என்ற நிலை! 2012இல் சுவிற்சர்லாந்திலிருந்து 75 பிலாட்டஸ் விமானங்களை வாங்குவதற்கு ஒப்பந்தம் செய்ய நேர்ந்தது. உள்நாட்டில் உருவான எச்.ரி.ரி.-40, 2016இல் பறந்த போதிலும், 70 விமானங்களுக்கான கட்டளை 2023ஆம் ஆண்டிலேயே வழங்கப்பட்டது. ஒரு முறை பெற்ற அறிவு தானாகவே நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கை எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதுவே சாட்சி. ஆரம்பப் படியைக் கவனியாது மேற்படிகளை அலங்கரித்தால் வீடு அழகாயிருக்கும், ஏறத்தான் முடியாது.

பயிற்சி விமானத்தின் இன்னொரு முகத்தையும் எமது மக்கள் அறிவர். அதனைப் பேசாது விடுவது நேர்மையாகாது. பயிற்சிக்கென இத்தாலியில் பிறந்த எஸ்.எஃப்.-260 விமானங்கள் 1985 முதல் இந்நாட்டில் ஆயுதம் பூட்டப்பட்டு, வடக்கு கிழக்கில் குண்டு வீசின. சிறு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பதுங்கு குழிக்குள் ஓடிய பிள்ளைகள் இன்று நடுத்தர வயதினர். மறுபுறம், பயிற்சிக்கும் பயணத்துக்குமென செக் நாட்டில் செய்யப்பட்ட சிலின்-143 விமானங்களில் குண்டுகளைக் கட்டி, 2007 மார்ச்சில் கட்டுநாயக்காவைத் தாக்கினர் விடுதலைப் புலிகள். மன்னிப்பதற்காக வடிவமைக்கப்பட்ட கருவியை மன்னிப்பே அறியாத கருவியாக இரு தரப்பினரும் மாற்றினர். குற்றம் இறக்கையிலும் இயந்திரத்திலும் இல்லை. கற்பிப்பதற்கென உருவான எதனையும் யுத்தம் கைப்பற்றிக்கொள்ளும். பாடசாலைகள் முகாம்களானதையும் நாம் கண்டோமல்லவா?

கற்பதற்கான விலையும் சிறிதன்று. 2023 ஒகஸ்டில் திருகோணமலை சீனன்குடாவில் பி.ரி.-6 பயிற்சி விமானம் வீழ்ந்து நொறுங்கியதில் விமானப்படை அதிகாரிகள் இருவர் உயிரிழந்தனர். சமாதான காலத்தில், பயிற்சிப் பறப்பொன்றில் நேர்ந்த இழப்பு அது. முதற்பாடத்துக்கான கருவியின் தரம் யாரோ சில நிபுணர்களின் கவலை மட்டுமன்று, பிள்ளைகளைப் பெற்ற ஒவ்வொருவரினதும் கவலை என்பதை இத்தகைய செய்திகள் எமக்கு உணர்த்துகின்றன.

குறிஞ்சிப்பிட்டியிலோ கற்பிட்டியிலோ நுரைச்சோலையிலோ படிக்கும் மாணவர் ஒருவர் நாளை விமானம் வடிவமைப்பார் என்று கனவு காண்பதற்காக நாம் இதனை எழுதவில்லை; அவ்வாறு நிகழ்ந்தால் மகிழ்ச்சியே. எமது கேள்வி வேறு. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும், காலங்காலமாக இங்கு மீன்பிடித்தும் வெங்காயமும் மிளகாயும் பயிரிட்டும் வாழும் குடும்பங்களின் பிள்ளைகளும், தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே காற்றில் வளர்கின்றனர். கடற்காற்றைப் பிடித்து வெளிநாட்டார் பட்டச் சறுக்கு விளையாடுவதை அவர்கள் கரையில் நின்று பார்க்கின்றனர். அந்தப் பட்டம் ஏன் எழுகின்றது என்று கேட்கும் சிறுமிக்கு விடை சொல்லக்கூடிய கணித, விஞ்ஞான ஆசிரியர் அவளது பாடசாலையில் இருக்கின்றாரா? அவள் தவறாக விடை எழுதினால், அத்தவறு எங்கே நேர்ந்தது என்று பொறுமையாகக் காட்டுவோர் உளரா? அல்லது புள்ளியைக் குறைத்து, கலைப் பிரிவுக்குப் போ என்று அனுப்பிவிடுகின்றோமா?

எமது கல்வி முறை தவறை மன்னிப்பதில்லை. அதேவேளை அதனை விளக்குவதுமில்லை. ஒரே பரீட்சை, ஒரே நாள், ஒரே தீர்ப்பு. பழகாதவனை நேரே ஆழ்கடலுக்கு அனுப்பி, மூழ்கினால் அவனது விதி என்று கூறுவதற்கு இது ஒப்பாகும். சிறந்த ஆய்வுகூடத்தையும் தேர்ந்த ஆசிரியரையும் உயர்தர வகுப்புக்கு ஒதுக்கிவிட்டு, ஆறாம் வகுப்பை யாரிடமாவது ஒப்படைக்கும் வழக்கத்தையும் இத்தோடு சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். பிராண்டிலிடம் கற்ற ஒருவர், தனது அறிவின் உச்சப் பயனாக, முதல் நாள் மாணவன் ஏறும் விமானத்தைச் செய்யத் தலைப்பட்டார். அதனைத் தாழ்ந்த பணியாக அவர் கருதவில்லை. மிகச் சிறந்தோர் தொடக்கநிலை மாணவனிடம் செல்ல வேண்டும் என்பதே அவரது வாழ்க்கை எமக்கு விட்டுச்சென்ற பாடமாகும்.

கற்பிட்டிக் களப்பு எவரையும் மாலுமி என்று சான்றிதழ் வழங்கி அனுப்புவதில்லை. பலமுறை கவிழ்த்து, பலமுறை கரை சேர்த்து, கடலின் இயல்பை உடம்புக்குச் சொல்லிக் கொடுக்கின்றது. பிள்ளைகளுக்கு அத்தகைய களப்புகளை, வகுப்பறையிலும் பட்டறையிலும் விளையாட்டு மைதானத்திலும், அமைத்துக் கொடுப்பது பெரியோரின் கடமை. அக்கடமையைச் செய்யாதிருந்துவிட்டு, கடலில் மூழ்கியவர்களின் எண்ணிக்கையைப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை.